தம்பலகாமத்துப் பாடல்களைப் பான்டொக்கில் நூலாக்கியது

திருகோணமலையில் எனக்குப் படிப்பித்த சேர் ஒருவர், தம்பலகாமத்து வயல் பாடல்களைப் பல காலமாகச் சேர்த்து வைத்திருந்தார். சூடு மிதிக்கும்போது (நெற்கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது) பாடும் பொலிப்பாட்டு, அருவி வெட்டுப் (அறுவடைப்) பாட்டு, தாலாட்டு எல்லாம் அதில் உண்டு. அவருக்கு அச்சு நூல் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஊராருக்கு போனில் படிக்க ஈபப் என்ற மின்னூல் கோப்பு வேண்டும். ஆசிரியர்கள் வகுப்புக்கு எடுத்துப் பயன்படுத்த வேர்ட் கோப்பும் வேண்டும். மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் ஒரு எழுத்துப்பிழையை மூன்று இடத்தில் திருத்த வேண்டிவரும். எனவே எல்லாவற்றையும் மார்க்டவுனில், அதாவது எளிய குறிகள் இட்ட வெறும் எழுத்துக் கோப்பில், ஒரே கோப்பாக வைத்து, கோப்பு வடிவங்களை மாற்றும் பான்டொக் என்ற செயலி கொண்டு மாற்றினேன்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய வேலை இருந்தது. சேரின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் காட்டுகிறது. அதை அப்படியே கொடுத்தால் எந்தக் கருவியும் ஆங்கிலக் கூளமாகத்தான் பார்க்கும். யூனிகோடுக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும். பாமினியில் அரைப்புள்ளிக் குறிதான் மெய்யெழுத்தின் புள்ளி என்பதால், ஆங்கில வரியில் உள்ள அரைப்புள்ளிகளும் புள்ளிகளாகும். அந்த இடங்களை முதலே பிரித்து எடுத்துவைத்தேன். பிறகு யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தேன். பான்டொக் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

பான்டொக்கை 2006இல் வெளியிட்டவர் ஜோன் மக்ஃபார்லேன், பெர்க்லியில் மெய்யியல் பேராசிரியர். இலவசம், திறந்த மூலம். அது உள்ளே வரும் கோப்பைத் தலைப்பு, பந்தி, அடிக்குறிப்பு என்று ஒரு மரமாகப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்த மரத்திலிருந்து நாம் கேட்கும் வடிவத்தை எழுதுகிறது. மரத்தில் இடமில்லாத விஷயம், உதாரணமாக வேர்ட் பக்கத்தின் ஓர அளவு, வழியிலேயே விழுந்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். இதே போன்ற இன்னொரு செயலியான அஸ்கிடொக்டரையும் பார்த்தேன், நூல் வேலைக்கு நல்ல கருவி, ஆனால் வேர்ட் கோப்பை நேரடியாகத் தராது.

முதல் மாதிரியைப் பார்த்ததும் சேர் கேட்டார்: “தம்பி, பாட்டெல்லாம் வசனமாப் போச்சே?” மார்க்டவுனில் அடுத்தடுத்த வரிகள் ஒரே பந்தியாகச் சேர்ந்துவிடும், அதன் இயல்பே அது. வரி முடிவில் இரண்டு இடைவெளி விட்டால் முறியும் என்பார்கள். ஆனால் கோப்பைத் தட்டும் சில செயலிகள் சேமிக்கும்போது கடைசி இடைவெளிகளை வெட்டிவிடுகின்றன, கண்ணுக்கும் தெரியாது. பாட்டுக்கு நல்ல வழி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு நெட்டுக்கோடும் (|) ஓர் இடைவெளியும் இடுவது. வரியும் நிற்கும், அதற்குப் பின்னால் விட்ட உள்தள்ளலும் நிற்கும். பொலிப்பாட்டில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அடியை உள்ளே தள்ளி அமைக்க இது அருமையாக உதவியது. அந்த மறுமொழி தெரியாவிட்டால் பொலிப்பாட்டில் பாதி போய்விடும்.

அச்சு நூலுக்கான பிடிஎஃப்தான் அதிகம் மல்லுக்கட்ட வைத்தது. பிடிஎஃப் செய்யப் பான்டொக் வழமையாக அழைப்பது, லேடெக் என்ற அச்சுக்கோப்புத் தொகுதியின் பிடிஎஃப்லேடெக் இயந்திரத்தை; அது தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டி நிற்கும். இயந்திரத்தை அதே தொகுதியின் ஸீலேடெக் என்று மாற்றினால் ஓடும், ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வரும், அதன் இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லாததால். நோட்டோ செரிஃப் தமிழைப் பிரதான எழுத்துருவாகக் கொடுத்து, எழுத்துருத் தெரிவில் எழுத்து முறை தமிழ் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். சொன்னதும் ‘பொலி’ ஒழுங்காக வந்தது. எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே பதிந்துவிடுவதால், அச்சகத்தில் யாரும் மறுபடி தட்டவேண்டி வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. மறுபடி தட்டும்போதுதான் வட்டாரச் சொற்கள் ‘திருத்தப்பட்டு’ காணாமல் போகின்றன.

வேர்டுக்கு, பாணிகள் அமைத்த ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுத்தால் அதன்படியே வெளிவரும். ஒரு கவனம்: வேர்ட் தமிழைச் சிக்கலான எழுத்து முறைகளில் சேர்க்கிறது. பாணியில் சாதாரண எழுத்துருவை மாற்றினால் தமிழ் அசையாது. சிக்கலான எழுத்துகளுக்கான பகுதியில்தான் எழுத்துருவையும் அளவையும் மாற்ற வேண்டும். ஈபப் அப்படியே வந்தது. மொழி தமிழ் என்று கோப்பின் தலையில் குறித்ததோடு சரி.

லேடெக் முழுத்தொகுதி சில ஜிபி பிடிக்கும். டேட்டா போதாதவர்கள் எச்டிஎம்எல் ஆக மாற்றி, குரோமில் திறந்து பிடிஎஃபாகச் சேமிக்கலாம். தமிழ் சரியாகவே வரும். ஆனால் அடிக்குறிப்புகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்துவிடும். அவணம், பொலி, சூடு போன்ற சொற்களுக்குப் பொருள் அதே பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும் என்று சேர் விரும்பினார், பேரப்பிள்ளைகள் புரட்டிப் புரட்டித் தேட மாட்டார்கள் என்று. அதனால்தான் நான் ஸீலேடெக்கோடேயே நின்றேன்.