துலைவி கையொப்பமிட்ட கடிதம்

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, கடிதம், சுழற்சிக் கடன் கணக்கு எல்லாம் என் மடிக்கணினியில்தான் இருக்கின்றன. நான் செயலாளர். மடிக்கணினி பழையது, விற்றவர் வேர்ட், எக்செல் எல்லாவற்றையும் போட்டே தந்திருந்தார். எப்படிப் போட்டார் என்று நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மேலே சிவப்புப் பட்டை தோன்றி, உரிமம் இல்லை என்றது. பிறகு கோப்பைத் திறக்கலாம், எழுத முடியாது என்ற நிலை. ஆண்டறிக்கை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது.

ஒட்டுசுட்டானில் இருந்து பஸ் ஏறி ஒரு கடைக்குப் போனேன். 3,500 ரூபா தந்தால் ஆயுள் முழுவதற்கும் திறப்பு எண் தருவதாகச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு கேட்டேன். சிரித்தார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் சங்கக் கணக்கில் செலவு எழுத முடியாது. நான் தப்பியது புத்தியால் அல்ல, அந்தச் செலவுப் புத்தகத்தால்தான்.

முறையாக வாங்கும் வழியையும் பார்த்தேன். மைக்ரோசொப்ட் 365 ஆண்டுச் சந்தா. கட்டாமல் விட்டால் கோப்புகளைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. சிவப்புப் பட்டை அதை எனக்கு ஏற்கெனவே இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

வார இறுதியில் தங்கை வந்தாள். "அக்கா, எனக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சல் இருக்கிறதே, மாணவருக்கு இலவசம்" என்றாள். மைக்ரோசொப்டின் கல்விப் பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டது. அவளுக்குக் கிடைத்தது இணையத்தில் இயங்கும் வேர்டும் எக்செலும். கணினியில் நிறுவும் பதிப்பு அதில் இல்லை. மாணவர் அல்லாதவரும் சாதாரண மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றைத் திறந்து இணைய வேர்டை இலவசமாகப் பாவிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. குழுவாக அறிக்கை எழுதும் அவளுக்கு அது போதும். எனக்கோ போதாது; எங்கள் வீட்டில் இணையச் சிக்னல் வேண்டுமென்றால் கைப்பேசியோடு கிணற்றடிக்குப் போக வேண்டும். மேலும், சங்கக் கணக்கை அவளுடைய மாணவர் கணக்கில் வைத்தால் அவள் படிப்பு முடிந்து வெளியேறும் நாளில் என்ன ஆகும்?

ஆகவே லிப்ரே ஒபிஸ். வேர்ட், எக்செல் செய்யும் வேலைகளை இணையம் இல்லாமல் கணினியிலேயே செய்வது. 2010இல் ஓபின் ஒபிஸ் என்ற இலவச மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்தது. விலையும் இல்லை, சந்தாவும் இல்லை. 350 எம்.பி. அளவு இருக்கும். தங்கை விடுதியில் தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். நிறுவியதும் முதலில் அமைப்புகளுக்குள் போய், கோப்புகள் வழக்கமாக வேர்ட், எக்செல் வடிவத்திலேயே சேமிக்கப்படும்படி மாற்றினோம். இல்லாவிட்டால் காரியாலயத்துக்கு அனுப்பும் கோப்பு அங்கே என்னவாகத் திறக்குமோ!

எங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. எழுத்துரு கணினியில் இருந்ததால் ஒழுங்காகவே திறந்தன. அட்டவணைகள் சில மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்தன; ஓரத்தைச் சுருக்கிச் சரிசெய்தேன். எக்செல் கணக்கில் கூட்டல், கழித்தலுக்கு மேல் எதுவும் இல்லாததால் அங்கே ஒரு தொல்லையும் வரவில்லை.

தொல்லை வேறு இடத்தில் காத்திருந்தது. ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி லிப்ரே ஒபிஸில் தானாகவே இயங்கும். பாமினியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. சின்ன எழுத்தில் 'த' என்றால் பெரிய எழுத்தில் 'து'. கடிதத்தின் அடியில் நான் அடித்த 'தலைவி', 'துலைவி' ஆகிவிட்டது. நான் கவனிக்கவில்லை, தலைவியும் கவனிக்கவில்லை. கையொப்பமும் முத்திரையும் விழுந்த பிறகு தங்கைதான் கண்டுபிடித்தாள். வேர்டிலும் இதே வசதி உண்டாம். பழைய மடிக்கணினியில் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தானியங்கித் திருத்தப் பகுதியில் ஒரு சரி அடையாளத்தை நீக்கினால் போதும்.

ஆண்டறிக்கை நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. இப்போது பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்குப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறேன். புதிய கடிதங்களை, தமிழ் எழுத்துக்கே தனி இடம் தரும் யுனிகோட் முறையில் அடிக்கப் பழகுகிறேன். தலைவியோ கையொப்பமிடும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை விட்டுவிட்டுத் தன் பதவியின் முதல் எழுத்தைத்தான் பார்க்கிறார்.