மினியாபொலிஸில் ஒற்றை வீட்டு மனையில் மூன்று வீடு: முடிச்சு எங்கே விழுகிறது

ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்ற விதியை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் நகரம் 2020 ஜனவரி 1 முதல் கைவிட்டது. 2010இல் 3,82,578 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 4,29,954 ஆகியிருந்தது. இன்று சாதாரணக் குடியிருப்புத் தெருவிலும் மூன்று வீடு வரை கட்டலாம். 2021இல் பார்க்கிங் கட்டாயமும் எடுக்கப்பட்டது. இதை நம்பி, பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு மூன்று வீட்டுக்குப் பிளான் போடுகிறவர்களில் பலர் பாதி வழியில் இரண்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்களைத் தடுப்பது மனை விதி அல்ல, கட்டட விதி. எவ்வளவு கட்டலாம் என்பது மனை விதி, எப்படிக் கட்ட வேண்டும் என்பது கட்டட விதி. இரண்டும் வேறு வேறு கவுன்டர்.

முதலில் மனை விதிக் கணக்கு. 5,000 சதுர அடி மனை என்று வைத்துக்கொள்வோம். உட்புறத் தெருக்களில் ஒரு வீடானால் மனைப் பரப்பில் 0.5 மடங்கு கட்டலாம், 2,500 சதுர அடி. இரண்டு வீடானால் 0.6, அதாவது 3,000. மூன்றானால் 0.7, அதாவது 3,500. ஆக மூன்றாவது வீட்டுக்காகக் கூடுதலாகக் கிடைப்பது 500 சதுர அடிதான். அதில் படிக்கட்டும் நடைவழியும் போக வேண்டும்.

அந்த 500 அடிக்காகக் கட்டடம் முழுவதும் வேறு விதிப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. ஒரு வீடும், இரண்டு வீடு கொண்ட கட்டடமான டூப்ளெக்ஸும் மினசோட்டாவின் குடியிருப்புக் கட்டட விதிக்குள் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வீடு அடுக்கினால் அது அபார்ட்மென்ட், வணிகக் கட்டட விதி பாயும். அங்கே தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். ஒரே நேரத்தில் நான்கு ஸ்பிரிங்க்ளர் தலைகள் திறந்தாலும் தண்ணீர் போதும் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். பழைய வீட்டுக்கு வந்திருக்கும் முக்கால் அங்குலக் குழாய் அதற்குப் பற்றாது. பெரும்பாலும் 2 அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். அதோடு பின்னோட்டத் தடுப்பு வால்வு, ஆண்டுதோறும் அதற்குப் பரிசோதனை.

ஒரு வழி உண்டு. மூன்றையும் அடுக்காமல், ஒவ்வொன்றும் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை தனித்து நிற்கும்படி வரிசையாக வைத்தால் அது டவுன்ஹவுஸ், குடியிருப்பு விதிக்குள்ளேயே நிற்கும். ஆனால் மூன்று படிக்கட்டும் அதே 3,500 அடிக்குள் வர வேண்டும். குறுகலான மனையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வைக்க முடியும். எங்கள் பார்வையில், அகலம் 40 அடிதான் என்றால் நல்ல டூப்ளெக்ஸ் ஒன்றே மேல்.

அடுத்த தவறு, சர்வே எடுக்காமல் பிளான் வரைவது. பக்கத்து இரண்டு வீடுகளும் தெருவிலிருந்து உள்வாங்கி இருந்தால், அவற்றின் முன்மூலைகளைச் சேர்க்கும் கோட்டைத் தாண்டிப் புதுக் கட்டடம் முன்னே வரக்கூடாது. அந்தக் கோடு சர்வேயர் அளந்த பிறகுதான் தெரியும். அதனால் பிளான் நான்கைந்து அடி பின்னே தள்ளப்பட்டால் பின்பக்கக் கராஜுக்கான இடம் பறிபோகும். நகரின் விதிகளும் நிலையாக நின்றதில்லை. மூன்று வீட்டை அனுமதித்த நகரின் 2040 திட்டத்தை எதிர்த்த சுற்றுச்சூழல் வழக்கில் 2023 செப்டம்பரில் நீதிமன்றம் பழைய திட்டத்துக்குத் திரும்பச் சொன்னது. 2024இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றிய பிறகே சிக்கல் தீர்ந்தது. விண்ணப்பம் கொடுக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெர்மிட் கட்டணத்தோடு கழிவுநீர் இணைப்புக் கட்டணமும் வரும். இதை நிர்ணயிப்பது வட்டார அமைப்பான மெட்ரோபாலிடன் கவுன்சில், வசூலிப்பது நகரம். நாளொன்றுக்கு 274 கேலன் கழிவுநீர் ஓர் அலகு, அதன் விலை 2014 முதல் பல ஆண்டுகள் 2,485 டாலராகவே இருந்தது. டூப்ளெக்ஸுக்கு இரண்டு அலகு. இடித்த வீட்டுக்கு ஓர் அலகு வரவு உண்டு என்பதால் பணம் செலுத்த வேண்டியது ஓர் அலகுக்குத்தான். பழைய வீடு அங்கே இருந்ததற்கான ஆவணத்தை இடிப்பதற்கு முன்பே எடுத்து வையுங்கள். இடித்த பிறகு வெறும் மனையைக் காட்டி வரவு கேட்பது பெரும்பாடு.

இடிப்பதற்கு முன், புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கான சோதனை. ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடு, பேஸ்மென்ட் குழாய்களில் சுற்றிய வெள்ளை உறை, பரணில் கொட்டியிருக்கும் சாம்பல்-தங்க நிறச் செதில் ஆகிய மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தச் செதில் வெர்மிகுலைட், வெப்பக் காப்புக்காகக் கொட்டும் கனிமம். வடகிழக்கு மினியாபொலிஸில் 1989 வரை இயங்கிய ஆலை ஒன்று, மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டைப் பதப்படுத்தியது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஆலையின் கழிவுக் கற்களை அக்கம்பக்கத்தார் இலவசமாக எடுத்துப்போய் வண்டிப்பாதையிலும் தோட்டத்திலும் போட்டார்கள். பின்னாளில் அரசே பல வீட்டு மண்ணை அள்ளிச் சுத்தம் செய்தது. அந்தப் பகுதியில் மனை வாங்கினால் பரணோடு நிற்காமல் மண்ணையும் சோதித்துவிடுங்கள்.

குழாய் வேலைதான் பட்ஜெட்டை உடைப்பது. வீட்டிலிருந்து தெரு நடுவிலுள்ள பிரதானக் குழாய் வரை பொறுப்பு மனைக்காரருடையது. பழைய கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் சுட்ட மண் குழாய், மூட்டு மூட்டாக மர வேர் புகுந்திருக்கும். விலை பேசும்போதே கேமரா விட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க ஏறக்குறைய 8 அடி ஆழத்தில் கிடக்கும். 5 அடியைத் தாண்டிய பள்ளத்தில் ஆள் இறங்கப் பக்கத்தடுப்பு வேண்டும் என்பது தொழிலாளர் பாதுகாப்பு விதி. தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்பே, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடச் சொல்லும் தொலைபேசி எண்ணான 811க்குச் சொல்லுங்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர், பச்சை கழிவுநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு என்று வந்து கோடு போட்டுவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் சூடான தார்க்கலவை கிடைக்காது என்பதால் அப்போது தெருவை வெட்டினால் தற்காலிக ஒட்டுதான், வசந்தத்தில் மறுபடி செலவு.

அஸ்திவாரத்தின் அடி 42 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டும். மேலே நின்றால் மண்ணிலுள்ள நீர் உறைந்து பெருத்து அதைத் தூக்கிவிடும். அக்டோபருக்குள் அஸ்திவாரம் முடிந்துவிடும்படி கணக்கிட்டு பெர்மிட்டுக்குக் கொடுப்பதே எங்கள் வழக்கம். தவறிப்போனால், உறையாத திரவமான கிளைகால் சூடாக ஓடும் ரப்பர் குழாய்களைத் தரையில் வளைத்து வளைத்துப் பரப்பி, மேலே காப்புப் போர்வை போர்த்தி மண்ணை இளக்க வேண்டும். உறைந்த மண்மேல் கான்கிரீட் ஊற்றவே கூடாது. வெப்பநிலை 40 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 4 செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஊற்றியதையும் போர்த்திக் காக்க வேண்டும்.

இன்னொரு சேதம், தோண்டிய பள்ளத்தைச் சுவரோரம் திரும்ப மூடும் பின்னிரப்பில் நடக்கிறது. டிசம்பரில் தோண்டிய மண் தேங்காய் அளவுக் கட்டிகளாக உறைந்து கிடக்கும். அதையே பேஸ்மென்ட் சுவரோரம் தள்ளி மூடினால் பார்வைக்கு நிரம்பியதுபோல் இருக்கும், கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம். ஏப்ரலில் இளகி அமிழும்போது வாசல் திண்ணை வீட்டுப் பக்கம் சாய்கிறது, மழைநீர் நேரே சுவருக்கு வருகிறது. லாரி மணல் வாங்கி அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். பிறகு பேஸ்மென்ட்டில் தண்ணீர் இறைப்பதைவிட அது மலிவு.

மேல்கீழ் டூப்ளெக்ஸில் இன்ஸ்பெக்டர் அதிகம் திருப்பி அனுப்புவது தீத்தடுப்புக்காக. இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள தளம் ஒரு மணி நேரம் தீ தாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தளத்தைத் தாங்கும் கீழ்வீட்டுச் சுவர்களும் அதே ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்பது பிளானில் விட்டுப்போகிறது. குளியலறைக் காற்றுக்குழாய் கீழ்வீட்டுக் கூரையைத் துளைத்துப் போகும் இடமும் அப்படித்தான். ஜிப்சம் போர்டு அடித்த பிறகு கண்டுபிடித்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். பிளம்பிங், மின்சாரம், வெப்பக் குழாய் மூன்றுக்கும் ஒப்புதல் வந்த பிறகு சட்டகச் சோதனை, அதன்பின் காப்புப்பொருள், கடைசியில்தான் போர்டு.

பெர்மிட் கையில் வந்து 180 நாள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி. நவம்பரில் வாங்கி, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் வைப்பவர்கள் மே மாதத்தைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.