லயன்ஸ் நாட்குறிப்பு, 2008

செப்டம்பர் 7, ஞாயிறு

பயிற்சி ஆட்டம் நான்கிலும் ஜெயித்துவிட்டு அட்லாண்டா போனார்கள் நம் அமெரிக்கக் கால்பந்து அணி டெட்ராய்ட் லயன்ஸ். அங்கே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேட் ரையன் புதுப் பையன். அவன் இந்த லீகில் எறிந்த முதல் பந்தே 62 யார்டு டச்டவுன், அதாவது எதிரணிப் பக்கத்துக் கடைசிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசேர்த்து 6 புள்ளி. நான் சோபாவில் சரியாக உட்காரக்கூட இல்லை. 34-21 தோல்வி.

செப்டம்பர் 24, புதன்

மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. 2001 முதல் அணியை நிர்வகித்த மேட் மில்லனை நீக்கிவிட்டார்கள். அவர் போக வேண்டும் என்று ரசிகர்கள் அட்டை பிடித்தே பல வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "ஆளை மாத்தட்டும், ஞாயித்துக்கிழமை ஆடப்போறது அதே பசங்கதானே" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

மினியாபொலிஸில் வைக்கிங்ஸோடு ஆட்டம். முதல் கால்பகுதி. நம் பக்கத்துக் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் பந்தோடு நின்ற நம் குவார்ட்டர்பேக் டான் ஆர்லோவ்ஸ்கியை வைக்கிங்ஸின் ஜாரெட் ஆலன் துரத்துகிறார். ஆர்லோவ்ஸ்கி வலப்பக்கம் ஓடினார். ஓட்டத்தில் கால் பின்கோட்டைத் தாண்டிவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. விசில் ஊதிய பிறகும் எறிய ஆள் தேடிக்கொண்டிருந்தார். சேஃப்டி, எதிரணிக்கு 2 புள்ளி.

கடைசியில் 12-10. அதே 2 புள்ளி. முடிவுக்கட்டத்தில் நம் வீரர் லீ பாடன் மீது விழுந்த ஒரு தண்டனையும் சேர்ந்துகொண்டது. அது தப்பான தீர்ப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த வெள்ளைக்கோடும் அதற்கு வெளியே பதிந்த காலும்தான் வருகின்றன. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நம் மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் டிக்கெட் முழுக்க விற்கவில்லை. விற்காவிட்டால் உள்ளூர் டிவியில் காட்டக்கூடாது என்பது லீக் விதி. பெரியவரின் கராஜில் ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டோம். வாஷிங்டன் அணியிடம் 25-17 தோல்வி.

நவம்பர் 23, ஞாயிறு

டாம்பா பே அணியோடு 17-0 என்று முன்னிலை. நானே எழுந்து நின்று கத்தினேன். அப்புறம் 38-20 தோல்வி.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள். இந்த நாளில் நம் ஊரில் லயன்ஸ் ஆடும் வழக்கம் 1934-இல் தொடங்கியது. டென்னசி அணி இடைவேளைக்குள்ளேயே 35 அடித்துவிட்டது. முடிவு 47-10. போன வாரம்தான் நம் ஊரின் மூன்று பெரிய கார் கம்பெனித் தலைவர்களும் வாஷிங்டனில் போய் அரசிடம் கடனுக்குக் கை நீட்டினார்கள். இந்த அணியும் அந்த மூன்றில் ஒன்றான ஃபோர்டு கம்பெனிக் குடும்பத்துச் சொத்துதான். தெருவில் யாருக்கு எப்போது வேலை போகும் என்று தெரியாத நேரத்தில், ஒரு மத்தியானமாவது சந்தோஷமாக இருந்திருக்கலாம். வான்கோழியைப் பேசாமல் சாப்பிட்டு முடித்தோம்.

டிசம்பர் 28, ஞாயிறு

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே அணியோடு கடைசி ஆட்டம். 1991-க்குப் பிறகு விஸ்கான்சினில் நாம் ஜெயித்ததே இல்லை. 24-21 வரை நெருங்கினார்கள். பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அடுத்து அவர்களுடைய ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த நீளப் பந்தை டொனால்ட் டிரைவர் பிடித்து ஓட, 31-21 தோல்வி.

16 ஆட்டம், 16 தோல்வி. 1976-இல் டாம்பா பே எல்லாவற்றிலும் தோற்றபோது சீசனுக்கு 14 ஆட்டம்தான். பந்தைப் பிடித்து ஓடும் நம் கால்வின் ஜான்சனை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. குவார்ட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்த அணியில் 1,331 யார்டு, 12 டச்டவுன்! ஜேசன் ஹான்சன் 50 யார்டுக்கு அப்பாலிருந்தும் உதைத்து உதைத்துப் புள்ளி சேர்த்தார். அவர்கள் கடமையில் ஒரு குறையும் இல்லை.

பெரியவர் டிவியை அணைக்கவில்லை. வெளியே பனி. லயன்ஸின் பழைய நட்சத்திரம் பாரி சாண்டர்ஸின் 20-ஆம் எண் ஜெர்சியை ஸ்வெட்டருக்கு மேல் போட்டபடியே எழுந்து, குப்பைத்தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனார். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.