ஞாயிறு நைட்டுக்கு எத்தனை புள்ளி? டூட்டி சார்ட்டை மென்பொருளுக்கு மாற்றிய அனுபவம்

தென் தமிழ்நாட்டில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நர்சிங் அலுவலகத்தில் இருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் வார்டு இன்சார்ஜ். மாதாமாதம் டூட்டி சார்ட் போடுவது என் வேலை. எக்செல்லில் போட்டு, பிரின்ட் எடுத்து, போர்டில் ஒட்டி, ஒட்டிய அன்றே பேனாவால் அடித்துத் திருத்த ஆரம்பிப்போமே, அதை மென்பொருளிடம் ஒப்படைத்த கதை இது. பணம் கொடுத்து எதையும் வாங்கவில்லை. எங்கள் ஐடி பிரிவில் இருக்கும் தம்பி ஒருவன், விதிகளுக்குப் பொருந்தும் விடையைத் தேடித்தர கூகுள் இலவசமாகத் தரும் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பை வைத்துப் பைத்தான் நிரல்மொழியில் எழுதினான். விதிகளைச் சொன்னது நான். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் அவனே விதிகளைத்தான் காட்டுவான்.

எங்கள் ஷிஃப்ட் முறை பலருக்கும் தெரிந்ததுதான். காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 8, நைட் 8 முதல் மறுநாள் காலை 8. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது மாநிலமே கொந்தளித்தது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்த வாரம் எங்கள் ரெஸ்ட் ரூமில் எல்லோரும் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டோம். நைட் டூட்டி எங்களுக்கு என்றைக்குமே 12 மணி நேரம்தானே.

ஓஆர்-டூல்ஸ் கையேட்டிலேயே நர்ஸ்களுக்கு ஷிஃப்ட் பிரிக்கும் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 4 நர்ஸ், 3 நாள், நாளுக்கு 3 ஷிஃப்ட். தம்பி அதை ஓட்டிக் காட்டி, "சிஸ்டர், இது நம்ம கணக்குதான், ஆளைக் கூட்டினா போதும்" என்றான். அந்த நாலு நர்ஸில் யாருக்கும் கைக்குழந்தை இல்லை, யாரும் ஹாஸ்டலில் இல்லை, யாருக்கும் ஊருக்குக் கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு இல்லை. இந்த வகைக் கணக்குக்கு உலகம் முழுவதும் நர்ஸ் பெயர்தான் வைத்திருக்கிறார்களாம். 2010இல் அதற்கென்றே சர்வதேசப் போட்டிகூட நடந்திருக்கிறது. தம்பி சொன்னபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

விதிகளை இரண்டு வகையாகப் பிரிக்கச் சொன்னான். எந்த நிலையிலும் மீறக் கூடாதவை ஒன்று. முடிந்தவரை காக்க வேண்டியவை, மீறினால் இத்தனை புள்ளி அபராதம் என்று வைப்பவை இன்னொன்று. முதல் வகை சுலபம் என்று நினைப்போம். ஒருத்திக்கு ஒரு நாளில் ஒரு ஷிஃப்ட், நைட் முடிந்த நாளில் மதிய டூட்டி கிடையாது, ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒரு சீனியர். இதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. வாராந்திர ஆஃப் என்று வந்ததும் நின்றுவிட்டோம்.

நிறைய இடங்களில் நடப்பது இதுதான். ஒருத்தி திங்கள் இரவு 8 மணிக்கு நைட்டுக்கு வருகிறாள். செவ்வாய் காலை ஹேண்ட் ஓவர் முடிந்து கிளம்ப ஒன்பது ஆகிவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு 'ஆஃப்'. புதன் காலை 8 மணிக்கு மறுபடியும் டூட்டி. சார்ட்டைப் பார்த்தால் வாரம் ஒரு ஆஃப் கனகச்சிதமாக இருக்கும். வீட்டில் கேட்டால் அவள் பகல் முழுக்கத் தூங்கினாள் என்பார்கள். எக்செல் காலத்தில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, ஏனென்றால் ஆஃப் என்றால் என்ன என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. மென்பொருளுக்கு எழுதித்தான் ஆக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நர்ஸ்களுக்கென்றே 1977இல் வெளியிட்ட 157ஆம் எண் பரிந்துரையில் இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும், வார ஓய்வு எந்த நிலையிலும் 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. சட்டம் இல்லை, பரிந்துரைதான். ஆனால் சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் கொண்டுபோய்க் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டியிருந்தது.

36 மணி நேரம் என்று விதி எழுதினோம். சால்வர், அதாவது விடை தேடும் அந்த மென்பொருள், என்ன செய்தது தெரியுமா? ஒருத்திக்குத் திங்கள் நைட், புதன் நைட், வெள்ளி நைட், ஞாயிறு நைட் என்று போட்டது. செவ்வாய் காலை 8 முதல் புதன் இரவு 8 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 36 மணி நேரம். ஒரு நிமிடம் குறையவில்லை. ஆனால் அந்த வாரத்தில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை முழுசாக அவளுடையது என்று சொல்ல ஒரு கிழமைகூடக் கிடையாது. விதியில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் சால்வர் முதலில் நுழையும். அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சொன்னதைச் செய்கிறது. கடைசியில் நைட் முடித்துப் போகும் நாளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தோம், அது ஆஃப் கணக்கில் வராது. ஆஃப் என்றால் முழு நாள் ஒன்று இருக்க வேண்டும், அதைச் சேர்த்து 36 மணி நேரமும் இருக்க வேண்டும்.

இந்த விதியைப் போட்டதும் சால்வர் கையை விரித்துவிட்டது. 'சாத்தியமில்லை', அவ்வளவுதான். ஏன் சாத்தியமில்லை, எந்த நாளில் இடிக்கிறது, ஒன்றும் சொல்லாது. நிர்வாகத்திடம் போய் "கம்ப்யூட்டர் முடியாதுங்குது" என்று நின்றால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் தேவையான ஆள் எண்ணிக்கையை மீறக் கூடாத விதியிலிருந்து எடுத்து, குறையும் ஒவ்வொரு ஆளுக்கும் மிகப் பெரிய அபராதம் வைத்தான். இப்போது சார்ட் எப்படியும் வரும். கூடவே '14ஆம் தேதி நைட், பெண்கள் வார்டு, ஒரு ஆள் குறைவு' என்று பட்டியலும் வரும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது அந்தப் பட்டியல்தான். 'ஆள் பத்தலை' என்று வருடக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். தேதி போட்டுச் சொன்னதும் மேடம் உட்கார்ந்து படித்தார்.

அடுத்தது நைட்டைப் பங்கு வைப்பது. யாருக்கும் முதலில் தோன்றுவது, அதிக நைட் பார்த்தவருக்கும் குறைந்த நைட் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறை என்று சொல்வது. நாங்களும் அதை ஓட்டிப் பார்த்தோம். பிரசவ விடுப்பில் ஒரு சிஸ்டர் இருந்தார். அவருக்கு நைட் பூஜ்யம். ஆகக் குறைந்தது எப்போதும் பூஜ்யம் என்று ஆகிவிட்டதால் சால்வருக்கு மேல் எல்லை ஒன்றைப் பற்றித்தான் கவலை. நடுவில் இருப்பவர்களில் ஒருத்திக்கு நாலு, இன்னொருத்திக்கு எட்டு என்று விழுந்தாலும் அதன் கணக்கு கெடாது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு வைத்தோம். அந்த மாதம் அவர் எத்தனை நாள் டூட்டிக்கு இருக்கிறாரோ அந்த விகிதத்தில் இவ்வளவு நைட். அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு அபராதம். விலகல் கூடக் கூட அபராதம் செங்குத்தாக ஏறும். இந்த மாதம் இலக்கைத் தாண்டியது அடுத்த மாத இலக்கில் கழியும். மாதம் மாறினால் கணக்குப் புதிது என்று வைத்தால் ஒரே ஆள் பன்னிரண்டு மாதமும் ஒரு நைட் கூடுதலாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள், எந்த மாதச் சார்ட்டிலும் அது தெரியாது.

எல்லா நைட்டும் ஒன்றா என்ற கேள்வி வந்தபோது நான் பதில் சொல்லவில்லை. வார்டு வார்டாகத் துண்டுச் சீட்டு கொடுத்தேன். 'ஒரு ஞாயிறு நைட்டைத் தவிர்க்க எத்தனை சாதா நைட் பார்ப்பீர்கள்?' பெயர் எழுத வேண்டாம். இந்த சால்வர் முழு எண்களை மட்டுமே ஏற்கும், ஒன்றரை என்று எழுத முடியாது. அதனால் நைட் பார்ப்பவர் கணக்கில் சாதா நைட்டுக்கு 2 புள்ளி, ஞாயிறு நைட்டுக்கு 3 புள்ளி ஏறும் என்று தொடங்கினோம். சீட்டுகளைப் பிரித்தால், பலர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு ஒன்றை எழுதியிருந்தார்கள். நைட்கூடப் பரவாயில்லை, இரவு பத்து மணிக்கு வாட்ஸாப்பில் 'நாளைக்கு மார்னிங் வர முடியுமா' என்று வருவதுதான் தாங்கவில்லை.

யாருக்கு அந்த மெசேஜ் போகும் என்று எனக்குத் தெரியும், அனுப்பியதில் பாதி நான்தான். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு. மாடிப்படி இறங்கினால் வார்டு. கல்யாணம் ஆகாதவர்கள், வெளியூர், முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள். சார்ட்டில் எல்லோருக்கும் சமமாக ஷிஃப்ட் இருக்கும். சார்ட்டுக்கு வெளியே நடப்பதெல்லாம் இவர்கள் தலையில். மென்பொருள் சார்ட்டை மட்டும்தான் பார்க்கும் என்பதால் திடீர் அழைப்பையும் டபுள் டூட்டியையும் பதிவு செய்ய ஒரு பக்கம் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கணக்கில் 4 புள்ளி, அதாவது இரண்டு சாதா நைட்டுக்குச் சமம். நாலு அதிகம் என்று ஒரு சீனியர் சண்டைக்கே வந்தார். "அப்ப அந்த மெசேஜை உங்களுக்கு அனுப்பட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். நாலு அப்படியே இருக்கிறது.

பண்டிகைக்கும் புள்ளி வைத்துச் சுழற்றலாம் என்றான் தம்பி. இந்த வருடம் கிறிஸ்துமஸ் பார்த்தவருக்கு அடுத்த வருடம் கிடையாது என்கிற மாதிரி. வேண்டாம் என்றேன். எங்களிடம் கிறிஸ்தவச் சிஸ்டர்கள் நிறைய. அவர்கள் தீபாவளி, பொங்கல் பார்ப்பார்கள். மற்றவர்கள் கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, ஈஸ்டர் பார்ப்பார்கள். ரம்ஜானுக்கு விட்டுக்கொடுப்பதும் அப்படியே. யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கம் இல்லை. சமமாகச் சுழற்றினால் ஈஸ்டர் அன்று ஒருத்தி வார்டில் இருப்பாள், அதே நாளில் ஈஸ்டர் கொண்டாடாத இன்னொருத்தி வீட்டில் டிவி பார்ப்பாள். ஆகவே ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டு பண்டிகையைத் தாங்களே குறித்துக் கொடுக்கிறார்கள். குறித்ததில் டூட்டி விழுந்தால் பெரிய அபராதம், மற்ற நாட்கள் சாதா நாட்கள்தான். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தைக் குறித்தவர்களும் உண்டு.

எந்தப் புள்ளியாலும் சரிசெய்ய முடியாத ஒன்றும் இருந்தது. வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஐசியூவில் ஒவ்வொரு நைட்டும் அவர்களில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அது மீறக் கூடாத விதி. எவ்வளவு அபராதம் வைத்தாலும் அவர்களுடைய நைட் குறையவில்லை. குறைய வழியும் இல்லை. தம்பி ஒரு சோதனை செய்தான். பொதுவார்டிலிருந்து இருவருக்கு அந்தப் பயிற்சி இருப்பதாக வைத்து அதே மாதத்தை மறுபடி ஓட்டினான். ஐசியூ ஆட்களின் நைட் பளிச்சென்று இறங்கியது. இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேடத்திடம் கொடுத்தேன். இப்போது இரண்டு பேர் பகலில் ஐசியூவில் பழகுகிறார்கள். இதை ஷிஃப்ட் பிரிப்பதில் உள்ள பாரபட்சம் என்று நினைத்து என்னிடம் சண்டை போட்டவர்கள் பலர். பயிற்சி கொடுக்காமல் விட்டதன் விலையை அந்தச் சிலர் தூக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பத்தில் புள்ளி, ஆசை, பற்றாக்குறை எல்லாவற்றையும் ஒரே கூட்டலில் போட்டிருந்தான். அதில் ஒரு சிக்கல். பத்துப் பேரின் சின்னச் சின்ன ரிக்வெஸ்ட்டை நிறைவேற்றுவதற்காக ஒருத்திக்கு மூன்று ஞாயிறு நைட் போவது கணக்குப்படி லாபமாகிவிடும். அதனால் இப்போது மூன்று கட்டமாக ஓடுகிறது. முதலில் ஆள் பற்றாக்குறையை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்து அதைப் பூட்டிவிடும். பிறகு புள்ளிகளைப் பங்கிட்டுப் பூட்டும். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் ரிக்வெஸ்ட். அதுவும் ஆளுக்கு மாதம் மூன்று. பழைய ரிக்வெஸ்ட் நோட்டில் சிலர் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், சிலர் பேனாவையே தொட மாட்டார்கள்.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. ஒரே தகவலைக் கொடுத்து இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு சார்ட் வரலாம். கம்ப்யூட்டர் தன் பல கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஒரே நேரத்தில் தேடுவதாலும் இத்தனை நிமிடத்தில் நிறுத்து என்று சொல்வதாலும் அப்படி நடக்கும் என்று தம்பி விளக்கினான். இரண்டும் நியாயத்தில் ஒன்றேதான். ஆனால் 'பிடிக்கிற வரைக்கும் ஓட்டிப் பார்த்துத்தான் ஒட்டுறாங்க' என்று பேச்சு கிளம்பினால் எல்லாம் போச்சு. 20ஆம் தேதி ஒரே தடவை ஓட்டுகிறோம், அப்போது வார்டிலிருந்து ஒரு ஜூனியர் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியிட்ட பிறகு யாராவது லீவு போட்டால் மறுபடி ஓட்டும்போது ஒட்டிய சார்ட்டிலிருந்து மாறும் ஒவ்வொரு டூட்டிக்கும் அபராதம் உண்டு. அது இல்லாவிட்டால் ஒருத்தியின் காய்ச்சலுக்காக இருபது பேரின் மாதத்தையே புரட்டிப் போட்டுவிடும்.

சார்ட்டோடு எல்லோருடைய புள்ளிக் கணக்கும் போர்டில் இருக்கிறது. சண்டை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது புள்ளியை வைத்துச் சண்டை. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ளவர்களுக்கு நைட் பாதியாக வேண்டும் என்று ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா இருப்பவர்களும் அதையே கேட்கிறார்கள். அந்தப் பாதி யார் கணக்கில் ஏறும் என்று சால்வரில் ஓட்டி, பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வார்டு மீட்டிங்கில் அந்தத் தாளைச் சுற்றில் விடப்போகிறோம். ஓட்டுப் போடும் உரிமை ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் உண்டு.