லாங்ஹோம்: ஊர்மக்கள் விலைக்கு வாங்கிய மலை

ஸ்காட்லாந்து போகிறவர்கள் எடின்பரோ கோட்டையைப் பார்த்துவிட்டு வடக்கே மலைப்பக்கம் ஏறிவிடுவார்கள். இங்கிலாந்து எல்லையை ஒட்டி, எஸ்க் ஆற்றங்கரையில் இருக்கும் லாங்ஹோமுக்கு வேலை மெனக்கெட்டுப் போகிறவர்கள் குறைவு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். கம்பளித் துணி நெய்து பிழைத்த இடம்; இப்போது பெரும்பாலான ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. நான் போனது ஒரு பருந்தைப் பார்க்க. அதைவிட, அந்தப் பருந்துக்காக ஊரே சேர்ந்து மலையை விலைக்கு வாங்கிய கதையைக் கேட்க.

ஹென் ஹாரியர் என்பது அதன் பெயர். குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டுப் புல்வெளிகளுக்கு வலசை வரும் பூனைப்பருந்துகளுக்கு நெருங்கிய சொந்தம். ஆண் வெளிர் சாம்பல் நிறம், இறக்கை நுனி மட்டும் கறுப்பு. பெண் பழுப்பு, வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. மரத்தில் கூடு கட்டாது. முழங்கால் உயர ஹீதர் புதருக்குள் தரையிலேயே முட்டையிடும். ஹீதர் படர்ந்த, மரமில்லாத அந்த மேட்டு நிலத்தைத்தான் மூர் என்கிறார்கள்.

லாங்ஹோமிலிருந்து நியூகாசில்டன் போகும் ஒற்றைத் தடச் சாலை மூரின் நடுவே ஏறுகிறது. வழியில் ஒயிட்டா குன்றின் உச்சியில் ஒரு கல்தூண். சர் ஜான் மால்கமுக்காக 1835இல் எழுப்பியது. பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 13 வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்கு வந்து, பிறகு பம்பாய் கவர்னர் ஆனவர். இவ்வளவு தூரம் வந்தும் மதராஸ் நம்மை விடவில்லை!

ஜூன் மாதம் என்பதால் ஹீதர் இன்னும் பூக்கவில்லை. மலை முழுக்கப் பழுப்பும் பச்சையுமாக இருந்தது. பறவைகளைக் கண்காணிக்கும் உள்ளூர்த் தன்னார்வலர் ஒரு அம்மா கூட வந்தார். சாலையோரத்தை விட்டு ஓரடி உள்ளே வைக்க விடவில்லை. காற்றில் வெகுநேரம் நின்ற பிறகு, அவர் என் தோளைத் தொட்டுக் கையை நீட்டினார். சாம்பல் நிற ஆண், காலில் எதையோ பற்றிக்கொண்டு தாழ்வாக வந்தது. புதருக்குள்ளிருந்து பெண் எழும்பி அதற்குக் கீழே போனது. ஆண் இரையை நழுவவிட்ட அதே நொடி, பெண் பறந்தபடியே மல்லாந்து, இரண்டு கால்களையும் மேலே நீட்டி அதைப் பிடித்தது. அடுத்த நொடி திரும்பிப் புதருக்குள் மறைந்துவிட்டது. கூடு அங்கேதான் இருக்கிறது என்றார் அந்த அம்மா. எந்த இடம் என்று எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பருந்துக்கு இவ்வளவு பாதுகாப்பு எதற்கு? க்ரவுஸ் என்ற காட்டுக்கோழியால் வந்த வினை. பிரிட்டனில் பெரிய எஸ்டேட்டுகள் இந்த மூர்களை க்ரவுஸ் சுடுவதற்காகவே வைத்திருக்கின்றன. ஆகஸ்ட் 12இல் சீசன் தொடங்கும்; பெரும் பணம் கட்டிச் சுட வருவார்கள். ஹாரியர் க்ரவுஸ் குஞ்சுகளையும் தின்னும். ஆகவே அதைச் சுடுவதும் கூட்டை மிதிப்பதும் தலைமுறைப் பழக்கம். 1954 முதலே சட்டம் தடுக்கிறது, ஆனாலும் நிற்கவில்லை. செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 ஹாரியர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, அவற்றில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை அல்லது கொல்லப்பட்டிருக்கவே அதிக வாய்ப்புள்ளவை என்றது. ஆளரவமற்ற மலையில் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

லாங்ஹோம் இந்தச் சண்டைக்குப் பேர்போன இடம். 1992 முதல் 1997 வரை இங்கே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பருந்துகளை யாரும் தொடவில்லை. கூடு கட்டும் பெண் ஹாரியர்கள் 2இலிருந்து 20 ஆயின. க்ரவுஸ் குறைந்து வேட்டையும் நின்றது. வேட்டைக்காக க்ரவுஸுக்குக் காவல் பார்த்த கேம்கீப்பர்கள் வேலை இழந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கீப்பர்கள் போனதும் நரியும் காகமும் பெருகின. தரையில் கூடு கட்டும் ஹாரியரும் மளமளவென்று குறைந்தது. கீப்பர் என்றாலே வில்லன் என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

2008 முதல் இன்னொரு முயற்சி. கூட்டுக்குப் பக்கத்தில் கம்பம் நட்டு, செத்த எலியும் கோழிக்குஞ்சும் வைத்துப் பருந்துக்குத் தீனி போட்டார்கள். அதை எடுத்துக்கொண்ட பருந்துகள் க்ரவுஸ் குஞ்சைத் தூக்குவது வெகுவாகக் குறைந்தது. இருந்தும் வேட்டைக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு க்ரவுஸ் பெருகவே இல்லை.

2019இல் நிலத்தின் சொந்தக்காரர்களான பக்ளூ எஸ்டேட் மூரை விற்கப்போவதாக அறிவித்தது. யார் வாங்குவார்கள், என்ன செய்வார்கள் என்ற கவலை ஊருக்கு. 1994 முதல் ஊர் நலனுக்காக இயங்கிவந்த லாங்ஹோம் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, நாமே வாங்கினால் என்ன என்று கேட்டது. ஆலை மூடிய ஊருக்கு அது மலையளவு தொகைதான். உலகெங்கிலுமிருந்து ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பியதில் 2 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அரசின் நில நிதியும் அறக்கட்டளைகளும் மீதிக்குக் கைகொடுத்தன. 2021 மார்ச்சில் 38 லட்சம் பவுண்டுக்கு 5,200 ஏக்கர், 2022இல் 22 லட்சம் பவுண்டுக்கு இன்னும் 5,300 ஏக்கர். இன்று அது டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம்.

இந்த ஊருக்கு இது வராமல் யாருக்கு வரும் என்று தோன்றியது. இங்கே ஒவ்வொரு ஜூலைக் கடைசி வெள்ளியன்றும் குதிரையேறி ஊர்ப் பொதுநிலத்தின் எல்லையைச் சுற்றிவரும் திருவிழா நடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த எல்லைக்காக வழக்காடியவர்கள், இன்றுவரை எல்லையைப் போய்ப் பார்த்துவருகிறார்கள்.

இப்போது சதுப்புக் கரிமண்ணை மறுபடி ஈரமாக்குகிறார்கள், ஓடைக்கரைகளில் நாட்டு மரங்கள் நடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். இதில் உள்ளூர்க்காரர்களுக்குச் சம்பள வேலையும் பிறக்க வேண்டும் என்பது திட்டத்தின் பாதி. ஊரில் எல்லோருக்கும் ஒரே கருத்து என்று நினைத்துவிட வேண்டாம். ஆடு மேய்க்கிறவருக்கு ஒரு கணக்கு, பழைய வேட்டைக்காரருக்கு இன்னொரு கணக்கு. எனக்கு அதுவே நம்பிக்கையாக இருந்தது. சண்டை இருந்தாலும், முடிவெடுப்பது மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள்.

2023 கணக்கெடுப்பில் பிரிட்டன், ஐல் ஆஃப் மேன் இரண்டிலும் சேர்த்து 691 ஹாரியர் ஜோடிகள். 2016இல் 575 மட்டுமே. ஏறுமுகம்தான். ஆனால் இங்கிலாந்தின் பங்கு அதில் வெறும் 50. 2024இல் ஸ்காட்லாந்து க்ரவுஸ் வேட்டைக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் போட்டது. இங்கிலாந்தும் அதே வழிக்கு வந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போக விரும்புகிறவர்களுக்கு: கார்லைலில் ரயில் இறங்கி, ஹாயிக் பக்கம் போகும் எக்ஸ்95 பஸ் பிடித்தால் லாங்ஹோமிலேயே இறங்கலாம். ஆண் ஹாரியரின் ஆகாய நடனம் பார்க்க ஏப்ரல், இரை மாற்றுவதைப் பார்க்க ஜூன், ஹீதர் பூக்க ஆகஸ்ட். பைனாகுலரும் மழைக்கோட்டும் கட்டாயம். சாலையோரமாகவே நின்று பாருங்கள்; கூட்டை நெருங்கித் தொந்தரவு செய்வது அங்கே குற்றம். படம் எடுத்தால் இடம் தெரியும்படி இணையத்தில் போடாதீர்கள். சாப்பாட்டுக்கும் தங்கவும் ஊருக்குள்ளேயே செலவழியுங்கள், அந்தப் பணம் அவர்களுக்குத் தேவை.