கீழாநெல்லியும் காமாலையும்

ஐப்பசி மழை ஓய்ந்ததும் எங்கள் கிணற்றடியிலும் வரப்போரங்களிலும் கீழாநெல்லி தானாகவே முளைத்து ஒரு சாண் உயரத்திற்கு வளர்ந்து நிற்கும். புளிய இலையைப் போன்ற சிற்றிலைகள் அணிவகுத்த காம்பைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் கோத்ததுபோல் இருக்கும். கீழ்க்காய்நெல்லி என்ற பெயர் அதனால் வந்ததே. பொழுது சாய்ந்தால் இலைகள் மடிந்துகொள்ளும்.

என் தம்பிக்கு ஏழு வயதில் மஞ்சள் காமாலை கண்டபோது, ஆச்சி இச்செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு விழுதை மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். மூன்றாவது வாரத்தில் கண்கள் வெளுத்தன. நெடுங்காலம் அதைச் செடியின் வெற்றி என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் அழற்சி, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்று அறிந்தபின், அதில் தம்பியின் உடலுக்கும் பெரும்பங்கு உண்டு என்று கருதுகிறேன்.

கீழாநெல்லியை உலகம் கவனித்தது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கிருமி தொடர்பாகத்தான். அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. காய்ந்த செடியின் பொடியை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாட்கள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில், கிருமி இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம் மறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்துப் பொருள் இல்லாத வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. அதைப் படித்தபோது ஆச்சியின் அம்மியை நினைத்துப் பெருமைப்பட்டேன். பின்னர் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை என்பது வருத்தமளித்தாலும், அதை மறைத்து இச்செடியைப் புகழ்வது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. கடைகளில் இதே பெயரில் இதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்து விற்கப்படுவதால், காய்ந்த சரக்கை வாங்குவதைவிடப் பச்சைச் செடியைக் காம்பு திருப்பிப் பார்த்துப் பறிப்பதையே நான் விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்கள் மஞ்சளித்த நிலையில் என்னிடம் செடி கேட்டு வந்தார். பறிப்பதற்கு முன் அவரை ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அழைத்துச் சென்றேன். பித்தக் குழாயை ஒரு கல் அடைத்திருந்தது.