சந்தைக்குப் பூட்டு, மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை

கோமாரியோ தோல் கழலை நோயோ தலைகாட்டினால் முதல் பூட்டு மாட்டுச் சந்தைக்குத்தான். 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்துவிட்டால், தடுப்பூசிச் சான்று இல்லாத மாட்டை அங்கிருந்து வெளியே ஓட்ட முடியாது. வீரகனூர், கருங்கல்பாளையம் சந்தைகளை நம்பியிருக்கும் சேலத்து விவசாயிக்கு அன்றே கை கட்டிப்போகும்.

கறவை மாடு சமாளித்துக்கொள்ளும், சொசைட்டிக்குப் பால் ஊற்றித் தன் தீனிக்குத் தானே சம்பாதிக்கும். பால் வற்றி, சினையும் பிடிக்காமல் நிற்கிற மாடுதான் கழுத்தைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் என்றாலும் மாதம் 180 கிலோ, பசுந்தீனி தனி. இந்த நெருக்கடி பார்த்துத்தான் ராத்திரியில் வியாபாரியின் வண்டி வருகிறது. துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் தரகர்கூட இல்லாமல், சொன்ன விலைக்கு மாடு ஏறிப்போகும். அதோடு நோயும் ஏறிப்போகும். கோமாரிக் கிருமி வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிடும், தோல் கழலை வெளியே தெரிய 28 நாள் வரைகூட ஆகலாம். மாட்டைக் கண்ணால் பார்த்து வாங்குவது இங்கே உதவாது. சான்று உள்ள மாட்டுக்கு நேர்வழி திறந்து வைக்காமல் சந்தையை மட்டும் மூடுவது பாதி வேலைதான் என்பது என் கருத்து.

சான்றுக்கு ஆதாரம் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண். ஊசி போட்டால் போதாது, அந்த எண்ணில் பதிவும் ஏற வேண்டும். கோமாரி ஊசி 6 மாதத்துக்கு ஒருமுறை. போட்டபின் இரண்டு மூன்று நாள் பால் குறையும் என்று கறவையை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. விற்கப் போகும்போதுதான் பதிவு இல்லாதது உறைக்கும். அன்றைக்கு ஓடிப்போய் ஊசி போட்டாலும், எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். உண்ணிச்செடிப் புதரில் மாட்டி வில்லை அறுந்துவிட்டால் கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புது எண்ணைப் பழைய பதிவோடு சேர்க்கச் சொல்லுங்கள். வேறு மாட்டின் வில்லையை மாட்டிவிடாதீர்கள்.

சந்தை திறந்ததும் அவசரத்தில் வாங்கும் மாட்டோடு வருவது இன்னொன்று: புரூசெல்லா எனும் கருச்சிதைவு நோய். 6, 7 மாதச் சினையில் கன்று வீசிய மாடு, நஞ்சுக்கொடி விழாத மாடு என்றால் விலை பேசும் முன் ரத்தம் எடுத்துவிட வேண்டும். கழுத்து நரம்பில் 5 மில்லி, உறையாமைப் பொருள் இல்லாத குழாயில். சாய்த்து நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் ரத்தம் உறைந்து, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் தெளியும். ஏற்காட்டில் எடுத்தால் அங்கேயே சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்து இறக்குங்கள். முழு ரத்தமாக 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கினால் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும், பரிசோதனைக்கு ஆகாது. பரிசோதனை எளிது. ஒரு துளி சீரத்தோடு ரோஜா நிற மருந்து ஒரு துளியைக் கலந்து 4 நிமிடம் ஆட்டுவார்கள். தயிர் திரிந்தாற்போலத் திட்டுத் திட்டாகச் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும், உறுதி செய்ய எலைசா எனும் இன்னொரு சீரப் பரிசோதனை.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். 4 முதல் 8 மாதத்தில் கிடேரிக் கன்றுக்குப் போடும் புரூசெல்லா ஊசியால், 18 மாத வயது வரைகூட நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டும். கன்று போட்ட புதிதில் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம், 3 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

வீசிய கன்றை வெறும் கையால் தொடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நெகட்டிவ் வந்த மாட்டையும் 28 நாள் தனிக்கொட்டகையில் கட்டி, தண்ணீர்த் தொட்டியும் தனியாக வையுங்கள்.